ஒரு மணி நேரம்னா நாலு கட்டு

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த களப்பணியாளர்களிடம் பேசச் சொல்லி, பழைய ஆள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் திரையில் அந்தப் படத்தைப் போட்டார். நடுவில் ஒரு குழந்தை. அதைச் சுற்றி ஒரு வட்டம், குடும்பம். அதற்கு வெளியே அக்கம்பக்கம், அப்புறம் ஊர், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து, ஆஸ்பத்திரி, அரசாங்கம் என்று வெங்காயம் மாதிரி விரிந்துகொண்டே போகும் படம். மாற்றுத்திறனாளிகளுக்கு அவர்கள் ஊரிலேயே, வீட்டிலேயே பயிற்சியும் உதவியும் கிடைக்கச் செய்வதுதான் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு, நாங்கள் சொல்லும் சிபிஆர். அந்த வேலையில் இருந்த எல்லோருக்கும் பழகிய படம்தான். எனக்கு அதைப் பார்த்ததும் 2012இல் அதே படத்தின் மேல் வந்து நின்ற ஒரு விரல் ஞாபகம் வந்துவிட்டது. புகையிலைத் தூள் ஏறி நகக்கண் கறுத்துப்போன விரல். பேசுவதற்காக எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு அந்தக் கதையைத்தான் சொன்னேன். சொல்லி முடித்து வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அடங்கவில்லை.

எங்கள் பக்கத்தில், தென்காசி வட்டாரத்தில், இந்த வேலை என்றால் எல்லோருக்கும் முதலில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம்தான் நினைவுக்கு வரும். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து போன ராமகிருஷ்ணன், 1981இல் தன் சொந்த ஊரிலேயே தொடங்கியது அது. நான் வேலை பார்த்தது அங்கே இல்லை, வேறொரு சின்ன அமைப்பில். என் கையில் 11 ஊர், 38 பிள்ளைகள், ஒரு ஸ்கூட்டி. ஒவ்வொரு வீட்டுக்கும் பதினைந்து நாளைக்கு ஒரு முறை போக வேண்டும். பிள்ளைக்குச் செய்ய வேண்டிய பயிற்சிகளை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அடுத்த முறை போகும்போது செய்தார்களா என்று பார்க்க வேண்டும், ஃபைலில் எழுத வேண்டும். "அம்மாவுக்கு" என்று எழுதும்போதே தெரிகிறது பாருங்கள், அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த விரலுக்குச் சொந்தக்காரரின் பையனுக்கு அப்போது ஐந்து வயது. மூளை முடக்குவாதம். பிறந்ததும் அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தான் என்று அவன் அம்மா சொல்வார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு கையும் இரண்டு காலும் இறுக்கம். தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். கழுத்து முழுசாக நிற்கவில்லை. ஆனால் கண் மட்டும் அத்தனை சுறுசுறுப்பு, நாம் பேசப் பேச நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா கேரளாவில் ஹோட்டல் வேலை, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை வருவார். அக்கா பீடி சுற்றுகிறவர்.

நான் சொல்லிக்கொடுத்தது கஷ்டமான பயிற்சி ஒன்றும் இல்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு முட்டியையும் மெதுவாகப் பிரித்து, இறுக்கம் தளரும்வரை பிடித்துக்கொண்டு 30 எண்ண வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகிவிடும். அப்புறம் கணுக்கால், அப்புறம் கை. குப்புறப் போட்டுத் தலையைத் தூக்கப் பழக்க வேண்டும். சோறு ஊட்டும்போது படுக்க வைக்கக் கூடாது, தலை பின்னால் சாயக் கூடாது, சாய்ந்தால் புரையேறும். காலையில் அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம். செய்ததும் நோட்டில் ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை போனபோது நோட்டைத் திறந்து பார்த்தேன். பதினைந்து நாளுக்கும் வரிசையாக டிக் இருந்தது, ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. நான் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டு அவசரமாகப் போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. பையனின் தொடையைப் பிரித்துப் பார்த்தேன், போன முறையைவிட இறுக்கம் கூடியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க பிள்ளைக்கா? இல்ல எனக்கா? யாருக்காக இந்த டிக்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ஃபைலில் "தாயின் ஒத்துழைப்பு போதாது" என்று எழுதினேன். அந்த வரியை நான் இன்னும் மறக்கவில்லை. என் கையெழுத்தில் இருக்கிறது அது.

அடுத்த முறை போனபோது குடும்பத்துக்கு விளக்கச் சொல்லி அமைப்பில் கொடுத்திருந்த அந்த வட்டப் படத்தை எடுத்துப்போனேன். திண்ணையில் விரித்து, இது குழந்தை, இது குடும்பம், இது ஊர், எல்லோரும் சேர்ந்துதான் பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும், அதனால்தான் இதற்கு சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்று பெயர் என்றேன். அக்கா மடியில் இருந்த பீடித் தட்டை இறக்கி வைத்தார். விரலை முதல் வட்டத்தில் வைத்தார்.

"டீச்சர், நடுவுல இருக்கது இவன். இந்த வட்டம் நான். வெளிய இத்தன வட்டம் போட்டிருக்கிய. அதுல எல்லாம் யாரு இருக்கா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "ஆயிரம் சுத்தினாத்தான் ஒரு நாள் கூலி. 25 பீடி ஒரு கட்டு, அப்ப 40 கட்டு. கை நிக்காம ஓடினா மணிக்கு நாலு கட்டு சுத்துவேன். நீங்க சொல்லுத ஒரு மணி நேரம் எனக்கு நாலு கட்டு டீச்சர். ஒரு நாளைக்கி நாலு, மாசத்துக்கு எவ்வளவுன்னு நீங்களே பாருங்க. அந்தக் கட்ட யாரு சுத்துவா? இந்த வட்டத்துல இருக்கவங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டார், பீடிக்கடையில் நின்று இலைக் கணக்குக் கேட்கிற மாதிரி.

கையேட்டில் இருந்த மற்றவர்கள்

சிபிஆர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாத காலத்தை வயதான பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கோ வேலூருக்கோ போவது, ஒரு மாதம் அங்கே சத்திரத்தில் தங்குவது, கையில் இருந்த காசும் கம்மலும் தீர்ந்ததும் திரும்பி வருவது, வந்த பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடுவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 2.68 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகள் என்று பதிவானது. அவர்களில் பத்தில் ஏழு பேர் கிராமத்தில் இருப்பவர்கள். பிசியோதெரபிஸ்டுகளோ நகரத்தில். 1978இல் அல்மா-அட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரம் வீட்டு வாசல்வரை வர வேண்டும் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் உலக சுகாதார நிறுவனம் மறுவாழ்வையும் ஊருக்குள் கொண்டுவரப் பார்த்தது. 1989இல் அதற்கென்று ஒரு கையேடு வந்தது. எழுதிய நான்கு பேரில் ஒருவர் பத்மனி மெண்டிஸ், இலங்கையைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். நம் பக்கத்துத் திண்ணைகளும் கயிற்றுக் கட்டில்களும் தெரிந்த ஒருவர் அதில் இருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

அக்கா கேட்ட அன்று ராத்திரி அலுவலகத்தில் இருந்த பழைய நகலை எடுத்துப் புரட்டினேன். குடும்பத்தாருக்கான பயிற்சிப் பொதிகள் 30. அதோடு நான்கு வழிகாட்டிகள்: ஊரில் இருந்து மேற்பார்வை பார்ப்பவருக்கு ஒன்று, ஊர்க் குழுவுக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கே ஒன்று, பள்ளி ஆசிரியருக்கு ஒன்று. ஆக, எழுதியவர்கள் வெளி வட்டத்தை மறக்கவில்லை. அதற்கும் ஆள் வைத்துத்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் கைக்கு வந்து சேரும்போது அந்த 30 மட்டும் மிஞ்சியிருந்தது. வீட்டில் ஒருவர் "குடும்பப் பயிற்சியாளர்" ஆக வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று எந்த வீட்டிலும் நாங்கள் கேட்டதே இல்லை. கேட்காமலே நோட்டை அம்மாவின் கையில் கொடுத்தோம். 38 வீட்டில் 36 அம்மா, ஒரு பாட்டி, ஒரு அக்காள். அந்த அக்காளுக்கு வயது பதிமூன்று, பையனைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தாள். அதையும் நான் "குடும்ப ஒத்துழைப்பு நன்று" என்றுதான் எழுதியிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

திண்ணை

அடுத்த முறை நோட்டு எடுத்துப் போகவில்லை. காலை பத்து மணிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். அந்தத் தெருவில் பெரிய திண்ணை உள்ள வீடு ஒன்று உண்டு. அங்கே ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். இலை வெட்டுவது, தூள் வைப்பது, உருட்டுவது, மடக்குவது, நூல் கட்டுவது எல்லாம் கை தன்பாட்டுக்குச் செய்யும், வாய் ஊர்க்கதை பேசும். அக்கா மட்டும் அங்கே போவதில்லை. பையனைத் தனியே விட முடியாது, தூக்கிக்கொண்டு போனால் ஒவ்வொருத்தியும் பார்க்கிற பார்வை தாங்காது, அதனால் வீட்டுக்குள்ளேயே தனியாகச் சுற்றுவார். ஐந்து வருஷமாக அப்படித்தான். சரி, முதலில் அந்தத் திண்ணைக்குப் போவோம் என்று நினைத்தேன். எனக்கு அதைவிடப் பெரிய யோசனை ஒன்றும் அப்போது இல்லை.

முதல் நாள் நான்தான் பையனைத் தூக்கிக்கொண்டு போனேன், ஒக்கலில் வைத்து. இடுப்பின் இரண்டு பக்கமும் கால் தொங்கும்படி ஒக்கலில் வைப்பதே அவனுக்கு நல்ல பயிற்சி, தொடை தானாக விரியும். அதைச் சொன்னதும் அங்கே இருந்த ஆச்சி ஒருவர், "இதுவா வைத்தியம்? இத ஒவ்வொருத்தியும் செய்யலாம்லா" என்று கையை நீட்டினார். அக்காவுக்கு முன்னால் வேறொருவர் அவனைத் தூக்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையை நனைக்கப் போய்விட்டார்.

புகையிலைத் தூள் என்னை உறுத்தியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையை அந்த நெடியில் கொண்டுபோய் வைப்பது சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் அக்கா சுற்றுகிற வீட்டுக்குள் ஜன்னலும் இல்லை, அதே தூள்தான். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மேல்காற்று விடாமல் அடிக்கும். பையனைத் திண்ணையின் மேற்கு ஓரத்தில் வைத்தால் தூள் அவன் பக்கம் வராது. காற்று நின்றால் வேப்பமரத்தடிக்கு மாற்ற வேண்டும். அந்தப் பெண்களே அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார்கள், காற்று மாறினால் யாராவது ஒருத்தர் எழுந்து அவனை நகர்த்திவிடுவார்கள்.

சாக்கைத் துவைத்துக் காயவைத்துச் சுருட்டி, அதன்மேல் நெஞ்சு படும்படி குப்புறப் போட்டோம். எதிரே ஆறு பேர் பேசிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைதான் தலையைத் தூக்காது? வீட்டில் நான் கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டிக் கேட்டது அங்கே தானாக நடந்தது. தொடையைப் பிரித்துப் பிடிக்கும் பயிற்சியை ஆச்சி எடுத்துக்கொண்டார். 30 வரை எண்ணச் சொன்னேன். "எண்ணம் எல்லாம் எனக்கு வராது, பாடுதேன்" என்றார். அவர் பாடிய தாலாட்டில் இரண்டு அடிக்கு என் செல்போனில் பார்த்தேன், கிட்டத்தட்ட முப்பது விநாடி. அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் எண்ணச் சொல்லவே இல்லை. பக்கத்துத் தெரு ஆசாரி ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். உயரம் எவ்வளவு என்று கேட்டார், டேப் இல்லை. அக்கா பீடி நூலை எடுத்து முட்டியில் இருந்து குதிகால் வரை, முதுகில் இருந்து முட்டி வரை அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். பழைய நிலைக்கதவுச் சட்டம், வேப்பம் பலகை, இரண்டு தொடைக்கும் நடுவே துணி சுற்றிய ஒரு முளை, கால் பின்னாமல் இருக்க. அந்த முளைக்கு அவர் மூன்று தடவை வந்து இழைத்தார், பையனுக்கு உறுத்துகிறது என்று.

அக்காவுக்கு நாலு கட்டு திரும்பக் கிடைத்தது. முழுசாக இல்லை, இரண்டரை, மூன்று. ஆனாலும் அவர் அதைக் கணக்கு வைத்திருந்தார்.

ஆடி மாதம் அம்மன் கோயில் கொடை, எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா, வந்தது. பிள்ளை பிறந்த முதல் வருஷத்துக்கு அப்புறம் அக்கா கொடைக்குப் போனதில்லை. அந்த முதல் வருஷம் போனபோது "என்ன பாவம் செஞ்சாளோ" என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததோடு சரி. அந்த வருஷம் திண்ணைப் பெண்கள் விடவில்லை. நாற்காலியையும் பையனையும் தூக்கிக்கொண்டு வில்லுப்பாட்டு மேடைக்கு நேர் எதிரே கொண்டுபோய் வைத்தார்கள். நானும் இருந்தேன். குடத்தில் முதல் அடி விழுந்ததும் பையனுக்கு உடம்பே வில்லாக விறைத்துவிட்டது, இந்தப் பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம் அப்படித்தான். அக்கா பதறித் தூக்கப் போனார். ஆச்சி அவன் நெஞ்சில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. நான்காவதோ ஐந்தாவதோ, அவன் சிரித்தான். அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் சிரித்தான், எச்சில் வடிய, சத்தம் போட்டு. அன்று ராத்திரி இரண்டு மணிவரை அக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். அக்கா மடியில் அன்று தட்டும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் அழகாக இருக்கும். பயிற்சியில் பேசியபோது அங்கேதான் கைதட்டினார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் நான் முடிக்கவில்லை.

ஒக்கலில் வைக்க முடியாத வயசு

2016இல் எங்கள் திட்டம் முடிந்தது, நிதி நின்றது, நான் வேறு வேலைக்குப் போனேன். 2018இல் ஆச்சி இறந்துபோனார். பீடி வேலையும் குறைந்தது, வாரத்தில் சில நாள்தான் இலை கொடுக்கிறார்கள், திண்ணையில் இருந்த ஆறு பேரில் நாலு பேர் வேறு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பையனுக்கு இப்போது 18 வயது. மீசை அரும்பியிருக்கிறது. எடை 40 கிலோவுக்கு மேல். ஐந்து வயதில் அவனை ஆசையாகக் கை நீட்டி வாங்கியவர்கள் கெட்டவர்களாகிவிடவில்லை, இன்றைக்கும் பாசமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் வளர்ந்த ஆணைக் குளிப்பாட்டுவதற்கும் கக்கூசுக்குத் தூக்கிப் போவதற்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவது? அக்காவுக்கு இடுப்பு வலி, தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள், குனிந்து தூக்கக் கூடாது என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தூக்காமல் எப்படி இருப்பது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதை நேரில் பார்த்தவள். ஆனால் சிபிஆர் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஒக்கலில் வைக்கிற வயசோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தேவைப்படுவது கூலி வாங்கிக்கொண்டு தினமும் வரும் ஒரு ஆள், முறையாகத் தூக்கத் தெரிந்த ஆள். 2010இல் உலக சுகாதார நிறுவனம் சிபிஆர் வழிகாட்டியைப் புதிதாக வெளியிட்டபோது சுகாதாரம், கல்வி, வாழ்வாதாரம், சமூகம், அதிகாரம் என்று ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐந்து என 25 கட்டம் போட்டார்கள். அந்த 25இல் ஒரு கட்டம் தனிநபர் உதவியாளர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவிலும், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்று இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு தொடங்கும்போதே அரசின் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்று ஒரு வரி இருக்கிறது. அக்காவின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்று யாரும் எழுதவில்லை, அவர் திறன் எல்லையில்லாதது என்று எடுத்துக்கொண்டாயிற்று. மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை வருகிறது, அது பையன் பேரில், அவன் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் டயபருக்குமே பற்றாது. அக்காவின் பதினெட்டு வருஷ மணி நேரங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. என் ஃபைலில் இருந்ததும் "ஒத்துழைப்பு போதாது" என்ற அந்த ஒரு வரிதான்.

புதுப் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், இந்த வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று கேளுங்கள், ஃபைலின் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். ஒருத்தி கை தூக்கி, அதற்கு ஃபாரத்தில் இடம் இல்லையே மேடம் என்றாள். ஓரத்தில் எழுது என்றேன்.

பயிற்சி முடிந்த மறுவாரம் அந்த ஊருக்குப் போனேன். நாற்காலி இன்னும் இருக்கிறது, நடுவில் இருந்த முளையை எடுத்துவிட்டு அதன்மேல் பீடித் தட்டை வைத்திருக்கிறார் அக்கா. பையன் சுவரோரம் சாய்ந்து படுத்திருந்தான், என்னைப் பார்த்ததும் வாயையே பார்த்தான், பழையபடி. இருவரும் உட்கார்ந்து உதவியாளர் தொகைக்கு மனு எழுதினோம். என்ன வேலை செய்கிறீர்கள் என்ற இடத்தில் அக்கா "பீடி" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "இவனப் பாக்கதையும் எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டார். எழுதினேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டதற்கு அவரால் உடனே சொல்ல முடியவில்லை, விரல் விட்டு எண்ணத் தொடங்கினார், ராத்திரி திருப்பிப் படுக்க வைக்க எழுந்திருப்பதையும் சேர்க்கணுமா என்று கேட்டார். சேர்க்கணும் என்றேன். பதினாலில் வந்து நின்றது.

வருகிற திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். பையனையும் கூட்டிப்போகிறோம். ஆட்டோ பேசியாயிற்று. ஏற்றி இறக்க ஆசாரியின் மகன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், அன்றைக்கு அவனுக்கு வேலை லீவு. ஒரு நாள் கூலியை நான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன், வேண்டாம் என்று அடம் பிடிக்கிறான்.